காலர்போன் ஒடிஞ்சு அஞ்சு மாசம், கையில புது பைக், மூணு வாரத்துல ட்ராக் டே: போலாமா?

தம்பி கேட்டது சுருக்கமா இதான். வயசு 27. ரெண்டு வருஷமா யமஹா ஆர்15 பைக் ஓட்டிட்டு இருந்தவர், அஞ்சு மாசம் முன்னாடி கொல்லிமலை கொண்டை ஊசி வளைவு ஒண்ணுல மணல் மேல ஏறி இடது பக்கமா விழுந்து இடது காலர்போன் (கழுத்துக்குக் கீழ தோளுக்குப் போற எலும்பு) ஒடிஞ்சு, ப்ளேட் வச்சிருக்காங்க. இப்ப டாக்டர் "எலும்பு கூடிருச்சு, வண்டி ஓட்டலாம்"னு சொல்லிட்டாராம். ஏற்கனவே புக் பண்ணி வச்சிருந்த ஏப்ரிலியா ஆர்எஸ் 457 வந்து 600 கிலோமீட்டர் ஓடிருக்கு. மூணு வாரத்துல சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே (ரேஸ் இல்ல, காசு கட்டி ட்ராக்ல வண்டி ஓட்டிப் பார்க்கற நாள்), காசும் கட்டியாச்சு. "போலாமாண்ணா? சஸ்பென்ஷன், டயர் பிரஷர் எல்லாம் எப்படி வைக்கணும்? அப்புறம் இடது பக்கம் சாய்க்கும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கு, யார்கிட்டயும் சொல்லல."

தம்பி, நீ கடைசியா போற போக்குல சொன்ன பாரு, அதான் மொத்தக் கேள்வியே. சஸ்பென்ஷன் எல்லாம் அப்புறம். முதல்ல பதிலைச் சொல்லிடறேன். ட்ராக்குக்குப் போலாம், டாக்டர்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போ. ஆனா 457ஐ எடுத்துட்டுப் போகாத, ஆர்15 இன்னும் வீட்ல இருந்தா அதை எடுத்துட்டுப் போ. ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இந்தத் தப்பை அட்சரம் பிசகாம நான் பண்ணிருக்கேன்.

எனக்கு ஒடிஞ்சதும் இடது காலர்போன்தான். ட்ராக்ல எல்லாம் இல்ல, ரோட்ல ஒரு நாய் குறுக்க வந்துச்சு, அவ்ளோதான் கதை. நாலு மாசத்துல புது வண்டியோட ட்ராக்ல நின்னேன். எக்ஸ்ரே பார்த்தாச்சு, ஃபிசியோ முடிஞ்சுது, ஜிம்ல பத்து புஷ்அப் எடுத்தேன், வேற என்ன வேணும்னு ஒரு நெனப்பு. காலைல முதல் செஷன் சூப்பரா போச்சு. ரெண்டாவது செஷன் அதைவிட சூப்பர். மூணாவது செஷன்ல நாலாவது லேப்போ அஞ்சாவது லேப்போ, பெருசா வேகம் கூட இல்ல, ஒரு ஸ்லோ கார்னருக்கு பிரேக் போடறேன், இடது கை முழங்கை மடங்காம கட்டை மாதிரி நிக்குது. நான் கார்னரைப் பார்க்கறேன், வண்டி அது பாட்டுக்கு நேராப் போகுது. நேரா மண்ணுக்குள்ள இறங்கி, 20 கிலோமீட்டர் வேகம் கூட இருக்காது, ஹேண்டில் ஆடி, பொத்துனு சாஞ்சிட்டேன். எதுவும் ஒடியல. மார்ஷல் பையன் ஓடி வந்து "அண்ணா ஓகேவா"ன்னு கேட்டான், ஓகேன்னு சொல்லிட்டு எந்திரிச்சா இடது கையை தோளுக்கு மேல தூக்கவே முடியல. பேடாக்ல (ட்ராக்குக்கு வெளிய வண்டி நிறுத்தற இடம்) என் ஃப்ரெண்ட் ஒருத்தன் உக்கார வச்சு லெதர் சூட்டை ஆட்டுத்தோல் உரிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் இழுத்துக் கழட்டினான், அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, ஆபரேஷன் ஆன அன்னிக்கு கூட அவ்ளோ வலிக்கல.

அன்னிக்கு நைட்டு உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது. எலும்புல பிரச்சனையே இல்ல. சதை சோர்ந்து போச்சு, மூளை அந்தப் பக்கத்தைப் பாதுகாக்க ஆரம்பிச்சிருச்சு, அது ரெண்டும் நடக்கறதை நான் கவனிக்கல, ஏன்னா என் கவனம் முழுக்க புது வண்டி மேல இருந்துச்சு. இந்த த்ராட்டில் எப்படி, இந்த பிரேக் எப்படி கடிக்குது, எந்த கியர்ல வரணும்னு. உடம்பு குடுத்த சிக்னலைப் பிடிக்க ஆள் இல்ல.

சரி, உடம்பு கணக்குக்கு வருவோம். பிரேக் போடும்போது தோள்ல என்ன விழுதுன்னு பல பேர் யோசிக்கறதே இல்ல. நல்லா டைட்டா பிரேக் போட்டா வண்டி கிட்டத்தட்ட 1 ஜி (புவியீர்ப்பு அளவு) பக்கத்துல வேகம் குறையும். அப்படின்னா உன் இடுப்புக்கு மேல இருக்கற உடம்பு 40 கிலோன்னு வச்சுக்கோ, அந்த 40 கிலோவும் முன்னாடி போகப் பார்க்கும். அதை எங்கயாவது தாங்கணும். தொடையால டேங்க்கைக் கவ்விப் பிடிச்சா பெரும்பங்கு கால்ல போயிரும். பிடிக்கலன்னா உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள்னு போய் கடைசியா காலர்போன்ல உக்காரும், ஏன்னா கையை நெஞ்சுக்கூட்டோட எலும்பால இணைக்கற ஒரே பாலம் அதுதான், பின்னாடி தோள்பட்டை எலும்பு சும்மா சதைலதான் மிதக்குது. ஒரு லேப்புக்கு ஏழெட்டு தடவை பிரேக்னு வை, 15 நிமிஷ செஷன்ல ஆறு ஏழு லேப், ஒரு நாளைக்கு நாலஞ்சு செஷன். கூட்டிப் பாரு, 200 தடவை கிட்ட வருது. ஜிம்ல பத்து புஷ்அப் எடுத்துட்டு ரெடின்னு நெனச்சவன் இந்தக் கணக்கைப் போடவே இல்ல.

இப்ப இதுல புது வண்டியைச் சேரு. ஆர்15க்கு 18.4 பிஎஸ் பவர், 141 கிலோ சொச்சம் எடை. 457க்கு 47.6 பிஎஸ், 175 கிலோ. ஒரே ஸ்ட்ரெய்ட், பழைய வண்டில 120ல வந்து பிரேக் போட்ட இடத்துக்கு புது வண்டில 160ல வரேன்னு வச்சுக்கோ. வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடிருக்கு, ஆனா வேகத்தோட வர்க்கத்துலதான் சக்தி ஏறும், அதனால பிரேக் தின்ன வேண்டியது 1.78 மடங்கு. அதோட வண்டியும் 34 கிலோ கூட, ரெண்டையும் சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒண்ணு, இன்னும் பலமா பிரேக் போட்டு அதை அந்தத் தோள் தாங்கணும், இல்ல சீக்கிரமே பிரேக் போடணும். சீக்கிரம் பிரேக் போடறேண்ணான்னு நீ சொல்லுவ. காலைல போடுவ தம்பி. மதியம் மூணாவது செஷன்ல உன் கூட வந்தவன் உன்னை உள்பக்கமா ஓவர்டேக் பண்ணுவான் பாரு, அதுக்கப்புறம் போட மாட்ட. எல்லாரும் அப்படித்தான்.

டாக்டர்கிட்ட கேக்கறதுக்கு வரேன். நீ "வண்டி ஓட்டலாமா"ன்னு கேட்ருப்ப, அவர் ஆஃபீஸ் போயிட்டு வர்ற வண்டியை நெனச்சுட்டு ஓட்டலாம்னு சொல்லிருப்பார். அவர் மேல தப்பே இல்ல. இந்தத் தடவை இப்படிக் கேளு: "இதே தோள்ல 80 கிலோமீட்டர் வேகத்துல மறுபடி விழுந்தா என்ன சார் ஆகும்?" அவர் மூஞ்சி மாறுதா இல்லையான்னு பாரு. ப்ளேட் இருக்கற எலும்புல அடி விழுந்தா சாதாரண எலும்பு மாதிரி நடுவுல ஒடியாம ப்ளேட் முடியற ஓரத்துல ஒடியலாம், இல்ல ப்ளேட்டே வளையலாம், ஸ்க்ரூ புடுங்கிக்கலாம். காலர்போனுக்கு நேர் அடியில கைக்குப் போற பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கத்தையும் ஓடுது, அதுக்குக் கீழ நுரையீரலோட உச்சி. இரண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி இருக்காது. ரெண்டாவது கேள்வி, எலும்பு முழுசா கூடிருச்சா, இல்ல ப்ளேட்தான் இன்னும் பிடிச்சுட்டு இருக்கான்னு எதை வச்சு சொல்றீங்க சார்னு. எக்ஸ்ரேல ப்ளேட்டே பாதியை மறைச்சிரும், சந்தேகம் இருந்தா சிடி எடுக்கச் சொல்வாங்க. கூடாத எலும்புல ப்ளேட் மட்டும் வேலை செஞ்சுட்டே இருந்தா, கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கற மாதிரி, ஒரு நாள் அதுவே ஒடியும். அப்புறம் யாராவது "ப்ளேட்டை எடுத்துட்டுப் போ, சேஃப்"னு சொன்னா உடனே நம்பிறாத. எடுத்த புதுசுல ஸ்க்ரூ இருந்த ஓட்டையெல்லாம் எலும்புல பலவீனமான இடம், அது அடையவே மாசக்கணக்குல ஆகும்.

கூடவே ஒரு விஷயம், விழும்போது இடது கையை ஊனிருந்தியா? கட்டை விரலுக்கு அடியில, மணிக்கட்டுல விரலை விரிச்சா ஒரு குழி விழுமே, அங்க அமுக்கிப் பாரு. வலிச்சா அதையும் காட்டு. ஸ்கேஃபாய்டுனு முந்திரிக்கொட்டை சைஸ்ல ஒரு எலும்பு, கையை ஊனி விழறவங்களுக்கு ஒடியறது, முதல் எக்ஸ்ரேல பல சமயம் தெரியவே தெரியாது, ரத்த ஓட்டம் கம்மிங்கறதால கூடறதும் லேட். பெரிய எலும்பு ஒடிஞ்ச களேபரத்துல இதை விட்டுட்டு, அஞ்சாறு மாசம் கழிச்சு க்ளட்ச் பிடிச்சா மணிக்கட்டு வலிக்குதுன்னு வந்தவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும். தையலுக்குக் கீழ நெஞ்சுப் பக்கம் மரத்துப் போன மாதிரி இருந்தா அது வேற, தோலுக்குப் போற சின்ன நரம்பு ஆபரேஷன்ல அடிபடும், நிறைய பேருக்கு இருக்கும், அதுக்கும் வண்டி ஓட்டறதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா விரல் வரைக்கும் மரத்துப் போகுதுன்னா நிறுத்து, டாக்டர்கிட்ட போ.

"உலக அளவுல பைக் ரேஸ் ஓட்டற மோட்டோஜிபி ஆளுங்க ரெண்டு நாள்ல ஓட்றாங்களே"ன்னு நீ கேப்பன்னு தெரியும், நானும் கேட்ருக்கேன். 2013ல நெதர்லாந்து அஸென் ட்ராக்ல மோட்டோஜிபி ரேஸர் ஹோர்ஹே லொரென்ஸோ வியாழக்கிழமை ப்ராக்டிஸ்ல விழுந்து இடது காலர்போன் ஒடிஞ்சு, ப்ளைட் பிடிச்சு பார்சிலோனா போய் ப்ளேட் வச்சுட்டு, சனிக்கிழமை ரேஸ்ல அஞ்சாவதா முடிச்சார். இதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஜெர்மனி ஸாக்ஸன்ரிங் ட்ராக்ல மறுபடி விழுந்து அந்த ப்ளேட் வளைஞ்சு, மறுபடி ஆபரேஷன் பண்ணி, அந்த ரேஸே ஓட்டலங்கறதை யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த வருஷ சாம்பியன்ஷிப்பை நாலே பாயிண்ட்ல மார்க் மார்க்கெஸ்கிட்ட விட்டார். அதே மார்க்கெஸ் 2020 ஜூலைல ஸ்பெயின் ஹெரெஸ் ட்ராக்ல வலது மேல்கை எலும்பு ஒடிஞ்சு, ஆபரேஷன் ஆன அதே வாரத்துல வண்டில ஏறி, முடியாம விலகி, ஆகஸ்ட்ல ப்ளேட் விட்டுப்போய் ரெண்டாவது ஆபரேஷன், டிசம்பர்ல மூணாவது, 2022ல எலும்பு திரும்பி நிக்குதுன்னு நாலாவது. 2021 ஏப்ரல் வரைக்கும் ஒரு ரேஸ் ஓட்ட முடியல. ரெண்டு பேருக்கும் பின்னாடி தனி டாக்டர், தனி ஃபிசியோ, டீம், சம்பளம். நமக்குப் பின்னாடி திங்கக்கிழமை ஒன்பதரை மணி மீட்டிங்.

அவங்ககிட்ட இருந்து கத்துக்கணும்னா பழைய ரேஸர் மிக் டூஹன்கிட்ட இருந்து கத்துக்கோ. 1992 அஸென்ல வலது கால் ஒடிஞ்சு, காலையே எடுக்க வேண்டி வந்துருமோங்கற நிலைமை. மீண்டு வந்தப்ப கணுக்கால் சரியா மடங்கல, பின் பிரேக்கை மிதிக்க முடியல. மனுஷன் காலோட சண்டை போடல, பின் பிரேக்கை இடது கைக் கட்டை விரல்ல அமுக்கற மாதிரி வண்டிய மாத்திக்கிட்டார். 94ல இருந்து 98 வரை தொடர்ந்து அஞ்சு சாம்பியன்ஷிப்.

இப்ப உன் இடது பக்க பயம். இதைத்தான் கொஞ்சம் பொறுமையா படிக்கணும்.

நீ விழுந்தது இடது வளைவு, ஒடிஞ்சது இடது தோள். அதனால இடது பக்கம் சாய்க்கும்போது உன் உடம்பு உன்னைக் கேக்காமலே ரெண்டு வேலை பண்ணும். ஒண்ணு, இடது கை விறைக்கும். இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னாடி தள்ளணும், அது உனக்கே தெரியும். விறைச்ச கை தள்ளவும் தள்ளாது, விடவும் விடாது, நடுவுல பூட்டு போட்ட மாதிரி நிக்கும், வண்டி சாயாம வெளிய வெளியப் போகும். எனக்கு நடந்தது அச்சு அசலா இதான். இன்னொண்ணு, கண்ணு கார்னர் உள்பக்கத்தைப் பார்க்காம முன்சக்கரத்துக்கு முன்னாடி தரையைப் பார்க்கும், மணல் இருக்கான்னு. கொல்லிமலைல மணல் இருந்துச்சுல்ல, அது ஞாபகம் வச்சிருக்கு. அதைத் திட்டாத, உன்னைக் காப்பாத்தணும்னுதான் பண்ணுது, இடம் தெரியாம பண்ணுது.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர், 12 கார்னர், க்ளாக்வைஸ் ஓட்டறது. அப்போ வலது கார்னர்தான் அதிகம், உனக்கு நல்லதுன்னு தோணும். பாதி நல்லது. இன்னொரு பாதி என்னன்னா டயரோட வலது ஓரம் நல்லா சூடாகும், இடது ஓரம் அவ்ளோ சூடாகாது, சூடாகாத டயருக்கு பிடிப்பு கம்மி. ஸாக்ஸன்ரிங்ல இதையே தலைகீழாப் பார்க்கலாம், 13 கார்னர்ல 10 இடது, 3தான் வலது, ரொம்ப நேரம் இடது பக்கமே சாய்ஞ்சுட்டு வந்து முதல்ல வர்ற வலது கார்னர்ல எத்தனை பெரிய ஆளுங்க விழுந்திருக்காங்க. நம்ம ஊர் வெயில்ல அவ்ளோ மோசம் இல்ல, இருந்தாலும் காலைல ஏழு எட்டு மணிக்கு முதல் செஷன் முதல் ரெண்டு லேப்புக்கு இடது கார்னர்ல அவசரப்படாத. உன் பயமும் டயரோட குளிரும் ஒரே பக்கத்துல இருக்கு, அதான் சொல்றேன்.

பயத்துக்கு மருந்து, தெரிஞ்ச வண்டி. ஆர்15ல பிரேக் எங்க கடிக்கும், எவ்ளோ சாய்ச்சா ஃபுட்பெக் உரசும்னு உன் உடம்புக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்ல. அப்ப மூளை முழுசா அந்த இடது கையைக் கவனிக்க ஃப்ரீயா இருக்கும். நேரா போற இடத்துல ஒவ்வொரு லேப்பும் ஒரு தடவை இடது முழங்கையை கோழி றெக்கை ஆட்டற மாதிரி ஆட்டிப் பாரு. ஆடினா கை தளர்வா இருக்கு. ஆடலன்னா அந்த லேப்போட ட்ராக்கை விட்டு பிட்டுக்கு வந்துரு. இதுக்கு மேல சிம்பிளா ஒரு மீட்டர் நான் பார்க்கல.

வீட்ல இப்பவே செஞ்சு பார்க்க சிலது இருக்கு. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு 20 நிமிஷம் குப்புற ப்ளாங்க் எல்லாம் கேக்கல, 60 செகண்ட் ப்ளாங்க், ஒரு நிமிஷம் ரெஸ்ட், அப்படி அஞ்சு தடவை. கடைசி தடவைல இடது பக்கம் நடுங்குதா, வலது பக்கம் நடுங்குதான்னு கண்ணாடில பாரு. ரெண்டும் ஒண்ணா நடுங்கினா சந்தோஷம். அப்புறம் வண்டிய பேடாக் ஸ்டாண்ட்ல ஏத்தி உக்காந்து, ஃப்ரெண்டை பின்னாடி நிக்க வச்சு ரெண்டு தோளையும் மெதுவா முன்னாடி தள்ளச் சொல்லு, ஆரம்பத்துல மெதுவா, அப்புறம் நல்லா. ஹேண்டில்ல ரெண்டு கையையும் சும்மா வச்சுக்கிட்டு முட்டியால மட்டும் தாங்க முடியுதா பாரு. முடியலன்னா உனக்குப் பலம் வேண்டியது தோள்ல இல்ல, தொடைல. இன்னொண்ணு, லெதர் சூட்டை நீயே தனியா போட்டு தனியா கழட்டு. போடறதைவிட கழட்டறதுதான் சோதனை, கை பின்னாடி போய் முறுகணும். அது முடியலன்னா மூணு வாரம் கழிச்சும் போகாத, காசு போனா போகுது.

சூட்டைப் பத்தி சொல்லணும்ல. ப்ளேட் தோலுக்கு நேர் அடியில இருக்கறதால சூட்டோட தோள் கப் ஓரம் அதுல உரசும், அரை மணி நேரத்துல எரியும். உள்ள மெத்துனு ஒரு துணி மடிச்சு வச்சுப் பாரு, இல்ல வேற சைஸ் சூட் வாடகைக்கு எடு. பட்ஜெட் இருந்தா இந்த வருஷ செலவு எக்ஸாஸ்டுக்கு இல்ல, ஏர்பேக் வெஸ்டுக்கு. நல்ல வெஸ்ட் காலர்போன், நெஞ்சு, முதுகு எல்லாத்தையும் மூடும், வாங்கும்போது காலர்போன் பக்கம் பை வருதான்னு பார்த்து வாங்கு, எல்லாத்துலயும் ஒரே மாதிரி வராது. மோட்டோஜிபில 2018ல இருந்து ஏர்பேக் கட்டாயம், சும்மா கட்டாயமாக்கல. 457க்கு எக்ஸாஸ்ட் போட்டா சத்தம் வரும். அவ்ளோதான் வரும்.

பெயின்கில்லர். இதைத் தனியா சொல்றேன், பேடாக்ல யாராவது கண்டிப்பா நீட்டுவாங்க. வாங்காத. சாயந்தரம் வீட்டுக்குப் போய் டாக்டர் எழுதிக்குடுத்ததைப் போட்டுக்கோ. வண்டி மேல இருக்கும்போது அந்த வலிதான் உன் பெட்ரோல் மீட்டர், அதைப் போய் துணி போட்டு மூடிட்டு ஓட்டினா ரிசர்வ்ல இருக்கோமான்னே தெரியாது.

சரி, இவ்ளோ சொல்லியும் "இல்லண்ணா, 457தான்"னு நீ முடிவு பண்ணிருந்தா, அதுக்கும் சொல்றேன். 600 கிலோமீட்டர்ல ட்ராக் கிடையாது, பேச்சே இல்ல. ரன்னிங் இன் (புது இன்ஜினைப் பழக்கற ஓட்டம்) முடிச்சு, முதல் சர்வீஸ்ல ஆயில் மாத்தி, அதுக்கப்புறம் கொஞ்சம் ஓட்டிட்டு வா. புது டயர், புது பிரேக் பேட் எல்லாம் ரோட்லயே பழகட்டும். இந்த வண்டில முன்னாடியும் பின்னாடியும் ப்ரீலோடு (ஸ்ப்ரிங்கை எவ்ளோ இறுக்கி வைக்கறதுங்கறது) மட்டும்தான் மாத்த முடியும், அதனால பெரிய சயின்ஸ் ஒண்ணும் இல்ல, சூட் போட்டு உக்காந்து வண்டி எவ்ளோ இறங்குதுன்னு ஃப்ரெண்டை அளக்கச் சொல்லு, 30ல இருந்து 35 மில்லிமீட்டர் இறங்கினா போதும், விட்டுரு. முதல் நாளே சஸ்பென்ஷனைத் திருகறவங்கள்ல பாதிப்பேர் தன் ரைடிங்கைத்தான் திருகணும். டயர் பிரஷர் ரோட்டுக்கு சொன்ன நம்பர்ல இருந்து ரெண்டு மூணு பிஎஸ்ஐ குறைச்சு ஆரம்பி, செஷன் முடிச்சு பிட்டுக்குள்ள வந்த உடனே சூடோட அள, மத்தியான வெயில்ல தார் கொதிக்கும், பிரஷர் ஏறிட்டே போகும், ஒவ்வொரு செஷனுக்கும் பார்க்கணும். ஏபிஎஸ் ரெண்டு சக்கரத்துக்கும் ஆன்ல இருக்கட்டும், பின்சக்கரம் வழுக்காம பார்த்துக்கற ட்ராக்ஷன் கன்ட்ரோல் கூட எவ்ளோ தலையிடுமோ அவ்ளோ தலையிடட்டும், ஆஃப் பண்ணினாதான் ட்ராக்னு சொல்றவனோட சேராத. குயிக்ஷிஃப்டர் (க்ளட்ச் பிடிக்காமலே கியர் மாத்தற வசதி) போட்டிருந்தா உன் இடது கைக்கு பாதி வேலை மிச்சம், அது நெஜமாவே உதவி. க்ளட்ச் லீவரோட கோணத்தை ரெண்டு டிகிரி கீழ இறக்கிப் பாரு, மணிக்கட்டு நேரா இருந்தா தோள் தூக்கிக்காது. டூஹன் பண்ணினதோட சின்ன சைஸ் இது.

ரெண்டு வண்டில எதுவா இருந்தாலும் டேங்க் க்ரிப் ஒட்டு. வழவழ டேங்க்கை லெதர் சூட் போட்ட தொடையால பிடிக்கவே முடியாது, வழுக்கும், வழுக்கினா எடை எங்க போகும்னு மேலயே சொல்லிட்டேன். இருக்கறதுலயே சல்லிசான விலைல உன் காலர்போனுக்கு செய்யற பெரிய உதவி அந்த ரப்பர் ஷீட்தான்.

அன்னிக்கு அங்க எப்படி நடந்துக்கணும்னா, பேரு குடுக்கும்போதே ஸ்லோ குரூப்புக்குக் குடு, முன்னாடி ஃபாஸ்ட் குரூப்ல ஓட்டிருந்தாலும் சரி. ப்ரீஃபிங்ல தோள் விஷயத்தை இன்ஸ்ட்ரக்டர்கிட்டயும், அங்க நிக்கற ஆம்புலன்ஸ்காரங்ககிட்டயும் வாயைத் திறந்து சொல்லு, விழுந்து கிடக்கும்போது உன் கையைப் பிடிச்சுத் தூக்கப் போறது அவங்கதான், எந்தக் கையைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கட்டும். ரத்த வகை, ப்ளேட் இருக்கறது, வீட்டு நம்பர், மூணையும் எழுதி ஹெல்மெட்ல ஒட்டிரு. ஒரு செஷன் விட்டு ஒரு செஷன் ஓட்டு. மத்தவன் ஓட்டும்போது நீ சி1 (முதல் கார்னர்) பக்கமா போய் நின்னு பாரு, மெயின் ஸ்ட்ரெய்ட்ல இருந்து முழு வேகத்துல வந்து வலது பக்கம் சாயற அந்த இடத்துல நல்லா ஓட்றவனோட தோள் எப்படி இருக்குன்னு கவனி, தொங்கிட்டு இருக்கும், விறைப்பே இருக்காது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு செஷன், போதும். நான் விழுந்தது, எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேர் விழுந்தது எல்லாம் சோர்ந்து போனப்புறம் "இன்னும் ஒண்ணு"ன்னு போனதுல. தண்ணிய மறக்காத, லெதர் சூட்டுக்குள்ள சென்னை வெயில்ல வேர்வை ஊத்தும், தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடி, உப்புச்சர்க்கரைத் தண்ணி கலந்து வச்சுக்கோ.

இன்ஷூரன்ஸ் பத்தி நீ கேக்கல, ஆனா சொல்லிடறேன். நம்ம ஊர் வண்டி பாலிசில ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங் எல்லாம் கவர் கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்கும், ட்ராக்ல சாய்ச்சு 457க்கு ஃபேரிங் ஒடிஞ்சா உன் காசுதான். ஆர்15க்கு ஒடிஞ்சாலும் உன் காசுதான், ஆனா அது வேற காசு. ஹெல்த் பாலிசில சாகச விளையாட்டைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எடுத்துப் படி, ஏஜென்ட் வாயால சொல்றதை வச்சு முடிவு பண்ணாத. ட்ராக்ல கையெழுத்து வாங்கற பேப்பரையும் படிச்சுட்டுப் போடு.

வீட்ல சொன்னியான்னும் நீ எழுதல. அம்மாவுக்குத் தெரியாமப் போற ப்ளான்னா எனக்கு அது பிடிக்கல, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

நீ ஆர்15ஐ வித்துட்டியா, வச்சிருக்கியான்னு சொல்லவே இல்ல பாரு. விக்கலன்னா அஞ்சு மாசமா நின்ன வண்டி, பேட்டரி இறங்கிருக்கும், செயின் துருப்பிடிச்சிருக்கும், விழுந்ததுல ஹேண்டில் பாரோ ஃபோர்க்கோ லேசா வளைஞ்சிருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிட்டு உன் கண் முன்னாடியே எல்லாம் நேரா இருக்கான்னு பார்க்கச் சொல்லு. டயர் பழசா இருந்தா மாத்திரு. வித்துட்டன்னா ஆர்கனைசருக்கு போன் போட்டு சின்ன வண்டி வாடகைக்கு இருக்கான்னு கேளு, சில பேர் வச்சிருப்பாங்க. அதுவும் இல்லன்னா அடுத்த தேதிக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளு, மெடிக்கல் பேப்பர் காட்டினா சில பேர் மாத்தித் தருவாங்க. டாக்டர் என்ன சொன்னார்னு மட்டும் வந்து சொல்லு.